அளவான குளிர்ச்சி
வீட்டு வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவியைத் தெரிந்தெடுப்பது எப்படி?

சித்திரை பிறந்துவிட்டால் நம் உடன்குடி வட்டாரத்தில் இரண்டு அடுப்புகள் எரியத் தொடங்கும். ஒன்று, விடிலியில் பதநீர் காய்ச்சும் அடுப்பு. மற்றொன்று, தேரிக்காட்டுச் செம்மணல் பகலெல்லாம் வாங்கி வைத்து, இரவில் நம் வீடுகளுக்குத் திருப்பித் தரும் வெக்கை. கடலும் அருகிலேயே இருப்பதால் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை சுரக்கிறது, ஆனால் உலர்வதில்லை. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. ஆகவேதான் வெப்பமானியில் 34 டிகிரி காட்டும் நாளிலும் நமக்கு அனலில் நிற்பது போன்ற தவிப்பு உண்டாகிறது.

ஒரு தலைமுறைக்கு முன் குளிர்சாதனம் என்பது வங்கிகளிலும் பெரிய மருத்துவமனைகளிலும் மட்டுமே காணக்கூடிய பொருளாயிருந்தது. இன்றோ வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்புவோரும், கப்பலில் பணி செய்வோரும், ஆசிரியப் பணியில் இருப்போரும் மட்டுமன்றி, மாதத் தவணையை நம்பி வாழும் எளிய குடும்பங்களும் அதனை வாங்கி மாட்டுகின்றனர். இதனை ஆடம்பரம் என்று ஒரே சொல்லில் கடிந்துவிட நாம் விரும்பவில்லை. உறக்கம் இழந்த தாயும், வேர்க்குருவால் அழும் குழந்தையும், மூச்சுத் திணறும் முதியவரும் உள்ள வீட்டில் அது தேவையாகவே இருக்கலாம். ஆனால் எதை வாங்குவது, எவ்வாறு இயக்குவது, எத்தனை டிகிரியில் வைப்பது, யாருக்காக வைப்பது என்னும் வினாக்களுக்கு விடை காணாமல் வாங்குவோர் பலர். இரண்டு மாதம் சென்று மின்கட்டணச் செய்தி வரும்போதுதான் வீட்டில் வாக்குவாதம் தொடங்குகிறது. அதனைத் தவிர்க்க உதவும் சில செய்திகளை வாசகக் குடும்பங்களின் முன் வைக்க விழைகின்றோம்.

வெப்பக் காவலன்

குளிர்சாதனத்தின் உள்ளே ஒரு சிறு காவலன் இருக்கிறான். ஆங்கிலத்தில் அவனுக்குத் தெர்மோஸ்டாட் என்று பெயர். அறையின் வெப்பத்தை அளந்து, நாம் குறித்த அளவுக்கு அது இறங்கியதும் இயந்திரத்தை நிறுத்துவதோ தணிப்பதோ, மீண்டும் ஏறினால் இயக்குவதோ அவன் வேலை.

இக்கருவி பிறந்த வரலாறு சுவையானது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஒயிட்வாட்டர் நகரின் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் வாரன் ஜான்சன் என்பவர் ஆசிரியராயிருந்தார். குளிர்காலத்தில் பள்ளிப் பணியாளர் ஒவ்வொரு வகுப்பறையாக நுழைந்து வெப்பத்தைப் பார்த்துவிட்டு, நிலவறையில் இருக்கும் கொதிகலன்காரரிடம் சென்று சொல்லவேண்டும். பாடம் தடைபடும். இத்தொல்லையைப் போக்க முனைந்த ஜான்சன், மின்சாரத்தால் செய்தி அனுப்பும் அறை வெப்பக் கட்டுப்படுத்தி ஒன்றை அமைத்து 1883இல் காப்புரிமை பெற்றார். 1902இல் வில்லிஸ் கேரியர் என்னும் இளம் பொறியாளர், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த அச்சகம் ஒன்றில் காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் பிசகுவதைத் தடுக்க ஓர் இயந்திரத்தை வடிவமைத்தார். இன்றைய குளிர்சாதனத்தின் தொடக்கம் அதுவே. அது மனிதரின் சுகத்துக்காக அன்றி, காகிதத்தின் நலத்துக்காகப் பிறந்தது என்பது வியப்பன்றோ!

நம் ஊருக்கோ இக்கலை புதிதன்று. புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி எவ்வாறு உருவாகிறது? பதநீர் கொதித்துப் பாகாகும் வேளையில், அடுப்பின் முன் நிற்கும் தாய் அதன் நுரையையும் நிறத்தையும் பார்த்தே ஓலையைத் தள்ளுகிறாள். பார்த்தே தீயைத் தணிக்கிறாள். சற்று மிஞ்சினால் பாகு முறுகிவிடும். சற்றுக் குறைந்தால் சிரட்டையில் இறுகாது. அந்தத் தாயின் கண்ணும் கையும் செய்யும் வேலையையே இக்கருவியும் செய்கிறது.

வெளிநாட்டுக் கருவி நம் வீட்டுக்கு ஆகுமா?

குளிர் மிகுந்த நாடுகளில் வீடு முழுவதையும் ஒரே உலையால் வெப்பமூட்டுவர். அங்கே சுவரில் பொருத்தப்படும் தெர்மோஸ்டாட், இரவில் இவ்வளவு, காலையில் இவ்வளவு என்று நேரவாரியாகக் கட்டளையிடக்கூடியது. இப்போது கம்பியில்லா முறையில் கைப்பேசியிலிருந்தே அதனை இயக்குகின்றனர். நாள்தோறும் 8 மணி நேரம் வெப்ப அளவை ஃபாரன்ஹீட் கணக்கில் 7 முதல் 10 டிகிரி வரை மாற்றி வைத்தால், ஆண்டுச் செலவில் 10 விழுக்காடு வரை மிச்சமாகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் மதிப்பீடு.

கனடாவிலோ இங்கிலாந்திலோ வாழும் உறவினர் அன்புடன் இதனை வாங்கி அனுப்பினால், நம் வீட்டில் அது பெரும்பாலும் பயன்படாது. அவை நடுவண் வெப்பமூட்டும் அமைப்போடு தனிக் கம்பிகளால் இணைவதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றுள் பல 24 வோல்ட் மின்சாரத்தில் இயங்குவன. நம் வீடுகளில் உள்ள ஸ்பிளிட் ஏ.சி.யில் வெப்பக் கட்டுப்படுத்தி உள்ளேயே அடங்கியிருக்கிறது. ஆகவே அத்தகைய பரிசைக் கொணர்ந்து, மின்பணியாளரிடம் கொடுத்து எப்படியாவது இணைத்துவிடச் சொல்வது தீங்காகவே முடியும்.

இன்னுமொரு செய்தியையும் குறிப்பிடவேண்டும். அமெரிக்காவில் மின்சிக்கனப் பொருள்களுக்கு வழங்கப்படும் எனர்ஜி ஸ்டார் என்னும் அரசுச் சான்று, நேரவாரிக் கட்டளை ஏற்கும் தெர்மோஸ்டாட்டுகளுக்கும் வழங்கப்பட்டு வந்தது. 2009ஆம் ஆண்டின் இறுதியில் அது நிறுத்தப்பட்டது. கருவி பழுதானது என்பதனால் அன்று, வாங்கியவர்களுள் பலர் நேரத்தைக் குறித்து வைக்கவே கற்றுக்கொள்ளவில்லை, சேமிப்பும் உறுதிப்படவில்லை. அறிவுள்ள கருவியை வாங்கினால் மட்டும் போதாது, அதனை ஆளும் அறிவும் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

முதலில் கூரை, பின்னர் விசிறி

குளிர்சாதனம் வாங்குமுன் வீட்டின் கூரையை நோக்குங்கள். நம் முன்னோர் ஓலையும் நாட்டு ஓடும் வேய்ந்து, சுண்ணாம்பு பூசி, திண்ணை இறக்கி வாழ்ந்தனர். இன்றைய கான்கிரீட் தளம் பகல் வெயிலை உண்டு, நள்ளிரவு வரை உமிழ்கிறது. மாடித் தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்போ வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சோ பூசினால், வெயிலின் பெரும்பகுதி திரும்பி வானுக்கே சென்றுவிடும். மேற்குச் சன்னலுக்கு வெளிப்புறம் ஒரு தட்டியோ பந்தலோ அமைப்பது, உட்புறம் கனத்த திரை தொங்கவிடுவதைக் காட்டிலும் பயன் தரும். ஏனெனில் வெப்பம் கண்ணாடியைக் கடக்குமுன்பே தடுக்கப்படுகிறது.

அடுத்து விசிறி. பழைய மின்விசிறி 70 முதல் 80 வாட் வரை உண்ணும். பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை விசிறி ஏறத்தாழ 30 வாட்டிலேயே அதே காற்றைத் தரும். 2023 ஜனவரி முதல் கூரை விசிறிகளுக்கும் நட்சத்திரக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. குளிர்சாதனம் இருக்கும் அறையிலும் விசிறியை மெல்லச் சுழலவிட்டால், இரண்டு மூன்று டிகிரி குறைந்தது போன்ற இதம் உடலுக்குக் கிடைக்கும். ஆகவே 26இல் வைத்து விசிறியைச் சுழற்றுவது, 23இல் வைத்து விசிறியை நிறுத்துவதற்கு ஈடாகும், செலவோ குறைவு.

வாங்கும்போது கவனிக்கவேண்டியவை

இவ்வளவும் செய்த பின்னரும் தேவையென்று கண்டால், பின்வருவனவற்றை உசாவி வாங்குங்கள்.

அளவு: 100 முதல் 120 சதுர அடி உள்ள படுக்கையறைக்கு ஒரு டன் போதுமானது. 150 சதுர அடிக்கு மேற்பட்டாலோ, மொட்டைமாடிக்கு நேர் கீழே அறை இருந்தாலோ ஒன்றரை டன் வேண்டியிருக்கலாம். டன் என்பது பெட்டியின் எடையன்று. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பத்தைக் குறிக்கும் பழைய அளவை. தேவைக்கு மிகப் பெரிதாக வாங்கினால், அறை விரைவில் குளிர்ந்து இயந்திரம் நின்றுவிடும். காற்றின் ஈரம் நீங்காது. நம் கடற்கரையில் ஈரமே பெரும் பகைவன்.

நட்சத்திரமும் ஆண்டு மின்செலவும்: நட்சத்திரங்களை எண்ணுவதோடு நின்றுவிடாமல், குறியீட்டுத் தாளில் அச்சிட்டிருக்கும் ஆண்டு மின்செலவைப் படியுங்கள். அது 1600 மணி நேர உழைப்புக்குக் கணக்கிடப்பட்டது. எடுத்துக்காட்டாக 800 யூனிட் என்றிருந்தால், சராசரியாக மணிக்கு அரை யூனிட் என்று பொருள். நட்சத்திர அளவுகோல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடுமையாக்கப்படுவதால், கடையில் தேங்கிய பழைய ஐந்து நட்சத்திரப் பெட்டி புதியதற்கு நிகராகாது. குறியீட்டின் ஆண்டையும் பாருங்கள்.

இன்வெர்ட்டர் வகை: பழைய வகையில் கம்ப்ரெஸர் முழு வேகத்தில் ஓடும், அல்லது நிற்கும். இன்வெர்ட்டர் வகையில் அது தேவைக்கேற்ப வேகத்தைத் தணித்துக்கொள்ளும். இரவு முழுதும் ஓடவேண்டிய வீட்டுக்கு இதுவே ஏற்றது.

உப்புக்காற்று: மணப்பாடு, குலசேகரன்பட்டினம், ஆலந்தலை போன்ற கடலோர ஊர்களில் வெளிப்பெட்டியின் சுருள்களை உப்பு அரித்துவிடும். செம்புச் சுருளும், அரிப்பைத் தடுக்கும் பூச்சும் உள்ளதா என்று கேளுங்கள். வெளிப்பெட்டியைக் கடற்காற்று நேராகத் தாக்கும் சுவரில் மாட்டாதீர்கள். நல்ல எர்த் இணைப்பும், 16 ஆம்பியர் பிளக்கும் இன்றியமையாதவை.

ரிமோட்டிலுள்ள உணரி: குளிர்சாதனம் சுவரின் உச்சியில் இருப்பதால், அங்குள்ள வெப்பமும் கட்டிலின் அருகேயுள்ள வெப்பமும் வேறுபடும். சில வகைகளில் ரிமோட்டுக்குள்ளேயே வெப்ப உணரி உண்டு. ‘ஃபாலோ மீ’, ‘ஐ ஃபீல்’ என்று பலவாறு பெயரிட்டிருப்பர். அதனை இயக்கிக் கட்டிலருகே வைத்தால், நீங்கள் படுத்திருக்கும் இடத்தின் வெப்பத்தைக் கொண்டே இயந்திரம் நடக்கும். கம்பியில்லாத் தெர்மோஸ்டாட் என்று தனியே தேடுவோருக்கு, கையிலேயே கிடைக்கும் மலிவான விடை இதுவே. தலையணைக்கு அடியில் மட்டும் அதனை வைத்துவிடாதீர்கள்!

கம்பியில்லாக் கட்டுப்பாட்டுக் கருவி

பழைய குளிர்சாதனத்தை நேரவாரியாக இயக்க விரும்புவோருக்கு, ரிமோட்டின் வேலையைச் செய்யும் சிறு கருவிகள் கடைகளில் உள்ளன. அவை வீட்டு வைஃபையோடு இணைந்து, ரிமோட்டைப் போலவே கண்ணுக்குப் புலனாகா அகச்சிவப்பு ஒளியால் கட்டளை அனுப்பும். இதனை வாங்குமுன் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். உங்கள் குளிர்சாதனத்தின் ரிமோட்டை அது அறியுமா? அறை வெப்பத்தை அளக்கும் உணரி அதனுள் உண்டா, அன்றி வெறுமனே அணைத்து இயக்குவது மட்டுமா? இணையம் அறுந்தாலும் குறித்த நேரம் தவறாமல் இயங்குமா? உங்கள் வீட்டு வைஃபையின் அலைவரிசையில் இணையுமா? (பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே ஏற்கும்.) மின்சாரம் போய் வந்தபின் தன் கட்டளைகளை மறவாதிருக்குமா? அகச்சிவப்பு ஒளி சுவரைக் கடக்காது. ஆகவே கருவி அந்த அறையிலேயே, குளிர்சாதனத்தை நேர்நோக்கி இருக்கவேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் குளிர்சாதனத்தின் மின்சாரத்தையே திடீரென அறுக்கும் ஸ்மார்ட் பிளக் முறை நன்றன்று. கம்ப்ரெஸர் அடிக்கடி அவ்வாறு நிறுத்தப்பட்டால் அதன் ஆயுள் குறையும். படுக்கையறையில் ஒலிவாங்கியோ ஒளிப்படக் கருவியோ கொண்ட சாதனங்களை வைப்பதும் விரும்பத்தக்கதன்று. குடும்பத்தின் அந்தரங்கம் புனிதமானது.

எனினும், இவற்றில் பணம் செலவிடுமுன் ஏற்கெனவே உங்கள் கையிலுள்ள ரிமோட்டை முழுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள். டைமர், ஸ்லீப் என்னும் இரு பொத்தான்கள் பெரும்பாலான ரிமோட்டுகளில் உண்டு. ஸ்லீப் பொத்தான், இரவு ஏற ஏற வெப்ப அளவைச் சிறிது சிறிதாகத் தானே உயர்த்தும். டைமர், விடியற்காலை 4 மணிக்குப் பெட்டியை நிறுத்தும். அந்நேரம் சன்னலைத் திறந்தால் இறைவன் தரும் காற்று இலவசம்.

18இல் வைத்தால் விரைவில் குளிருமா?

பலர் வெளியிலிருந்து வந்ததும் 18க்கு இறக்குகின்றனர். அதனால் அறை விரைவாகக் குளிர்ந்துவிடாது. எண் என்பது சேரவேண்டிய இடம். ஓடும் வேகம் அன்று. திசையன்விளையில் இறங்கவேண்டியவர் நாகர்கோவிலுக்குச் சீட்டு வாங்கினால் பேருந்து விரைந்து ஓடிவிடுமா? இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போவதுதான் மிச்சம்.

2020 ஜனவரி முதல் நாள் தொடங்கி, நம் நாட்டில் விற்பனையாகும் நட்சத்திரக் குறியீட்டு அறைக் குளிர்சாதனங்கள் யாவும் இயக்கியவுடன் 24 டிகிரியில் நிற்குமாறு அமையவேண்டும் என்று நடுவண் அரசு ஆணையிட்டது. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. ஜப்பானியர் 2005 முதல் கோடையில் அலுவலகங்களை 28 டிகிரியில் வைத்து, கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு வேலை செய்யப் பழகினர். நாமும் 26இல் பழகக்கூடாதா?

கணக்குப் பார்ப்போம்

மின்கட்டணம் ஏணிப்படி போன்றது. 2022 செப்டம்பரில் திருத்தப்பட்ட பட்டியலைக் கொண்டு ஒரு கணக்குப் பார்ப்போம். இரு மாதங்களுக்கு 280 யூனிட் செலவிடும் வீடு ஒன்று. மணிக்கு அரை யூனிட் உண்ணும் குளிர்சாதனத்தை இரவுக்கு 8 மணி நேரம், 60 நாள் ஓட்டினால் 240 யூனிட் கூடி, மொத்தம் 520 ஆகிறது. அப்பட்டியலின்படி 280 யூனிட்டுக்குக் கட்டணம் 585 ரூபாய். 520 யூனிட்டுக்கு 2,110 ரூபாய்.

அதே வீட்டார் 24க்குப் பதில் 26இல் வைத்திருந்தால், 240இல் 12 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 28 யூனிட் குறைந்து மொத்தம் 492 ஆகியிருக்கும். கட்டணம் 1,677 ரூபாய். வெறும் 28 யூனிட்டில் 433 ரூபாய் மிச்சம்! இஃது எவ்வாறு? 500 யூனிட்டைத் தாண்டியதும் கடைசி யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குரிய சலுகையும் பறிபோனதே காரணம். 2024 ஜூலையில் கட்டணம் மேலும் உயர்ந்தது. பட்டியல்கள் காலந்தோறும் மாறும். நடப்பிலுள்ள பட்டியலை மின்வாரிய அலுவலகத்தில் கேட்டறிந்து, படி எங்கே ஏறுகிறது என்பதை வீட்டுச் சுவர் நாள்காட்டியிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் இருமுறை மீட்டரைப் படிக்கும் பொறுப்பைப் பள்ளி செல்லும் பிள்ளையிடம் கொடுத்தால், கணக்கும் வளரும், பொறுப்பும் வளரும். குளிர்சாதனத்தின் வடிகட்டியை இரு வாரத்துக்கு ஒருமுறை கழுவும் வேலையையும் அப்பிள்ளைக்கே தரலாம்.

குளிர்ந்த அறை யாருக்கு?

இனி, நம் உள்ளத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லவேண்டும். வீடு மந்திரிக்கச் செல்லும் இடங்களில் நாம் காண்பது: மகனும் மருமகளும் உறங்கும் அறையில் குளிர்சாதனம், வெப்பம் தகிக்கும் கூடத்தில் பாட்டியின் கயிற்றுக்கட்டில். முதுமையில் வியர்வை சுரப்பதும் தாகம் தோன்றுவதும் குறைகின்றன. வெக்கை தம்மைத் தாக்குவதை அவர்கள் உணர்வதற்குள் உடல் தளர்ந்துவிடும். வெப்பத்தால் முதலில் வீழ்வோர் முதியோரும் குழந்தைகளுமே. “எனக்கு ஏ.சி. ஒத்துக்கொள்ளாது ஐயா” என்று அந்தப் பாட்டி சொல்லக்கூடும். பெரும்பாலும் அது மின்கட்டணத்துக்கு அஞ்சி, பிள்ளைகளின் சுகம் கருதிச் சொல்லும் சொல் என்பதை அறியாதவர் உண்டோ? தாய் தந்தையரைப் போற்றுக என்னும் கட்டளைக்குக் கோடைக்காலம் விடுமுறை அளிப்பதில்லை. ஏப்ரல், மே மாதங்களிலேனும் குடும்பத்தார் அனைவரும் அவ்வொரே அறையில் பாய் விரித்துப் படுக்கலாம். இரவுச் செபத்தையும் அங்கேயே சொல்லலாம். ஆளுக்கோர் அறை என்று பிரிந்து கிடந்த குடும்பத்தை ஒரு குளிர்சாதனம் ஒன்றுசேர்த்தது என்ற நற்பெயர் அதற்குக் கிடைக்கட்டும்!

ஆனால் ஓர் எச்சரிக்கை. அடைத்த அறையில் கொசுவர்த்தி கொளுத்தாதீர்கள். பலர் உறங்கும்போது கதவைச் சிறிது நேரம் திறந்து புதுக்காற்றை உள்ளே விடுங்கள்.

அளவறிந்து வாழ்தல்

கல்லாமொழிக் கடலோரத்தில் 660 மெகாவாட் வீதம் இரண்டு அலகுகளுக்கென அமைக்கப்பட்ட உடன்குடி அனல்மின் திட்டத்தின் புகைபோக்கியை நாம் யாவரும் அறிவோம். நம் அறையின் குளிர்ச்சி எங்கோ எரியும் நிலக்கரியிலிருந்து வருகிறது என்பதை நமக்கு வேறெவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. அறைக்குள் குளிர்; வெளியே அதே பெட்டி தெருவில் உமிழும் அனல். குளிர்சாதனம் இல்லாத அடுத்த வீட்டாரே அதையும் சேர்த்துச் சுமக்கின்றனர். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லௌதாத்தோ சீ’ சுற்றுமடலின் 55ஆம் எண்ணில், பெருகிவரும் நுகர்வுப் பழக்கத்துக்கு எளிய எடுத்துக்காட்டாகக் குளிர்சாதனத்தையே பெயர் சொல்லிக் குறிப்பிட்டது தற்செயலன்று.

இலத்தீனில் ‘தெம்பராரே’ என்றொரு வினைச்சொல் உண்டு. அளவோடு கலத்தல், மட்டாக வைத்தல் என்பது அதன் பொருள். வெப்பநிலையைக் குறிக்கும் ‘டெம்பரேச்சர்’ என்னும் சொல்லும், தலையான நற்பண்புகள் நான்கனுள் ஒன்றாகிய அளவுடைமையைக் குறிக்கும் ‘தெம்பெரான்சியா’ என்னும் சொல்லும் அவ்வொரே வேரில் கிளைத்தவை. இயந்திரத்துள் இருக்கும் காவலன் அறையின் வெப்பத்தையே அளப்பான். ஆசையின் வெப்பத்தை அளக்கவேண்டியவன் நம் நெஞ்சுக்குள் இருக்கிறான்.

ஆபிரகாம் பகலின் கடும் வெயில் வேளையில் தம் கூடார வாயிலிலே அமர்ந்திருந்தார் என்று தொடக்கநூல் உரைக்கிறது. வாயில் திறந்திருந்ததால்தான் வழிப்போக்கராய் வந்த மூவரைக் கண்டு ஓடி வரவேற்றார்; அவர்கள் வழியாக ஆண்டவரின் வாக்குறுதியையும் பெற்றார். குளிர்சாதனத்துக்காக நாம் சாத்தும் கதவு, உச்சிவெயிலில் நம் வாசலில் வந்து நிற்கும் தபால்காரருக்கும், மீன் விற்கும் அம்மாளுக்கும், பனையேறிக் களைத்து வருபவருக்கும் சாத்திய கதவாகிவிடலாகாது. அவர்களுக்கென ஒரு பானைத் தண்ணீரும் ஒரு நாற்காலியும் நிழலில் எப்போதும் இருக்கட்டும்.

இந்த வாரமே குடும்பமாகக் கூடி மூன்று முடிவுகளை எடுங்கள்: எத்தனை டிகிரி, எத்தனை மணி வரை, யாருக்கு முதலிடம். பின்னர் ரிமோட்டை எடுத்து அம்முடிவை அதில் பதியுங்கள். அளவோடு குளிர்ந்த இல்லங்களில் ஆண்டவரின் அமைதி தங்குவதாக!